தாயக்கட்டையையும் இரவல் கொடுங்கள்: பொது நூலகத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது நூலக இயக்குநர் அவர்களுக்கும், மாவட்ட நூலக அலுவலர்களுக்கும், கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் பணியாற்றும் நூலகர்களுக்கும், வாசகர் வட்டத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் நூலகங்கள் புத்தகங்களோடு சேர்த்து ஒரு விளையாட்டுப் பெட்டியையும் வீடுகளுக்கு இரவல் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். பெட்டிக்குள் விலை உயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. துணியில் அச்சிட்ட ஒரு தாயக் கட்டம், ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை, நான்கு நிறத்தில் காய்கள், பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு கட்டு கேள்விச் சீட்டுகள். வயதான காலத்தைச் சொந்த வீட்டில் எப்படிக் கழிக்க விரும்புகிறார்கள் என்பதைப் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதற்கு இவ்வளவு போதும்.

நான் தஞ்சைப் பகுதியில் வீடுகளுக்குச் சென்று இயன்முறைச் சிகிச்சை அளிப்பவள். என்னை அழைக்கும்போது பெரும்பாலும் காரியம் கைமீறிப் போயிருக்கும். விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, வீட்டுக்கு அழைத்து வந்திருப்பார்கள். அதுவரை அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறக்காத அத்தனை விஷயங்களும் அந்த ஒரு வாரத்தில் முடிவாகும். கட்டிலை எந்த அறையில் போடுவது, ஆள் வைப்பதா, மகள் வந்து இருப்பதா, வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கு அழைத்துப் போய்விடுவதா. பேசுகிறவர்கள் கூடத்தில் நின்று தணிந்த குரலில் பேசுவார்கள். யாரைப் பற்றிய பேச்சோ, அவர் உள்ளே படுத்திருப்பார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அந்த நேரத்தில் நான் அளவு நாடாவோடு குளியலறை வாசலில் நிற்பேன். பழைய வீடுகளில் அந்தக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடிதான். நிலைக்கட்டை போக உள்ளே கிடைப்பது 25 அல்லது 26 அங்குலம். சக்கர நாற்காலியின் அகலமும் ஏறக்குறைய அதே அளவு. நாற்காலி நுழைந்தாலும் சக்கரத்தைத் தள்ளும் கை நுழையாது. வாசலில் நான்கு அங்குலப் படி, உள்ளே வழவழப்பான தரை, பிடித்துக்கொள்ள ஒரு துண்டு போடும் கம்பி. அது சுவரில் இரண்டு சின்ன ஆணியில் நிற்பது, ஆள் எடையைத் தாங்காது. கதவை அகலப்படுத்தவும், கைப்பிடி பதிக்கவும், படியைச் சரிவாக்கவும் ஒரு கொத்தனாருக்குச் சில நாள் வேலை போதும். விழுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே செய்திருக்கலாம். ஆனால் அதைச் செய்ய, "அம்மாவுக்கு வயதாகிறது" என்று அந்த வீட்டில் யாராவது ஒருவர் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னவர் இல்லை.

தவறி விழுவதை நாம் கெட்ட நேரத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு வேறு. விபத்துக் காயங்களால் நேரும் மரணங்களில் உலக அளவில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் விழுவதற்குத்தான். ஆண்டுக்கு 6,84,000 பேர் அப்படி இறக்கிறார்கள், அவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே அதிகம். தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்தில் ஒருவர். 2031-இல் அது 18 விழுக்காடாக இருக்கும் என்பது மத்திய அரசின் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே முதுமை விரைந்து வந்துகொண்டிருக்கும் மாநிலம் நம்முடையது. பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்க, தெருவுக்கு இரண்டு மூன்று வீடுகளில் முதியவர்கள் மட்டும் இருப்பது எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இப்போது வழக்கமான காட்சி.

பேசாததற்குக் காரணம் அன்பில்லாமை என்று நான் நம்பவில்லை. பிள்ளை கேட்டால், "வீட்டை விட்டு அனுப்பப் பார்க்கிறானோ, சொத்தைக் கேட்கிறானோ" என்று பெற்றோருக்குத் தோன்றும். பெற்றோர் ஆரம்பித்தால், "அபசகுனமாகப் பேசாதீர்கள் அப்பா, நீங்கள் நூறு வயது இருப்பீர்கள்" என்று பிள்ளை வாயை அடைத்துவிடுவார். இருவரும் மற்றவரைக் காயப்படுத்தக் கூடாது என்றே பேசாமல் இருக்கிறார்கள். மருத்துவராவது கேட்கலாமே என்றால், வெள்ளைக் கோட்டையும் இரத்த அழுத்தக் கருவியையும் பார்த்ததும் பெரியவர்கள் தேர்வு எழுதும் மாணவரைப் போலாகிவிடுகிறார்கள். "எனக்கென்ன, எல்லாம் நன்றாக இருக்கிறது" என்ற பதிலைத் தவிர வேறு வராது. இதை நான் நாள்தோறும் கேட்கிறேன்.

விளையாட்டில் கேள்வியைக் கேட்பவர் மகன் அல்ல, மருமகள் அல்ல. கட்டம் கேட்கிறது, சீட்டு கேட்கிறது. "என் முறை வந்தது, இந்தச் சீட்டு விழுந்தது, பதில் சொல்கிறேன்" என்று சொல்லிவிடலாம். யார் மீதும் பழி இல்லை. எல்லோருக்கும் முறை வரும் என்பதால் பாட்டியை மட்டும் உட்கார வைத்து விசாரிப்பது போலவும் இராது.

இது நமக்குப் புதிதும் அல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடுவது பல வீடுகளின் வழக்கம். ஏணி எந்தப் புண்ணியத்தால், பாம்பு எந்தப் பாவத்தால் என்று அந்தப் படத்திலேயே எழுதியிருக்கும். மேலே போய்ச் சேரும் இடம் வைகுண்டம். அதாவது மரணத்துக்குப் பிறகு எங்கே போவோம் என்பதையே பாட்டியும் பேரனும் நடுராத்திரியில் சிரித்துக்கொண்டே பேசியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாம், குளியலறையில் கைப்பிடி வைப்பதைப் பற்றிப் பேச ஏன் இவ்வளவு தயங்க வேண்டும்?

நான் தாயத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதை எல்லாச் சமயத்தாரும் எல்லா ஊராரும் ஆடுகிறார்கள். திண்ணையில் சாக்கட்டியால் கிழித்தும் ஆடலாம். பெரியவர்கள் அதில் கெட்டிக்காரர்கள், பேரப்பிள்ளைகள் அவர்களிடம் தோற்பார்கள். நோயாளி என்ற நிலையிலிருந்து ஆட்டக்காரர் என்ற நிலைக்கு அவர் வந்துவிடுவது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அதைவிடப் பெரிய காரணம் ஆட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. பெருக்கல் குறி போட்ட கட்டத்தை, சில ஊர்களில் மலை என்பார்கள், ஒரு காய் அடைந்துவிட்டால் அதை யாரும் வெட்ட முடியாது. நான் அதோடு ஒரே ஒரு விதியைச் சேர்த்திருக்கிறேன். அந்தக் கட்டத்தில் காய் ஏறியவர் ஒரு சீட்டை எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்லி முடிக்கும்வரை அவருடைய பேச்சையும் யாரும் வெட்டக் கூடாது. "அதெல்லாம் ஒன்றும் ஆகாது அம்மா" என்று ஆறுதலாகக்கூடக் குறுக்கிடக் கூடாது. இந்த விதி பெரியவர்களுக்கு உடனே பிடித்துவிடுகிறது. பிள்ளைகளுக்குத்தான் கடினமாக இருக்கிறது.

நான் சிகிச்சைக்குப் போகும் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முழங்கால் தேய்மானத்துக்காகப் பயிற்சி எடுக்கும் அம்மா, விடுமுறைக்கு வந்திருந்த மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேத்தி நால்வரும் கூடத்தில் பாயைப் போட்டு ஆடினார்கள். அம்மாவுக்குக் கீழே உட்கார முடியாது, அதனால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தாம்பாளத்தில் தாயக்கட்டையை உருட்டினார். பேத்திதான் அவருடைய காயை நகர்த்தினாள். மலையில் ஏறியதும் அவருக்கு வந்த சீட்டு: "இரவில் எழுந்தால் முதலில் எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள்?" பீரோவின் கைப்பிடி என்றார். பிறகு கதவு, பிறகு கொல்லைப்புறச் சுவர் என்று விரலால் காற்றில் வழியைக் காட்டிக்கொண்டே போனார். கொல்லையில் விளக்கு எரிவதில்லை என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அதனால் ஆறு மணிக்கு மேல் நான் தண்ணீர் குடிப்பதில்லை" என்றார்.

மகன் வாயைத் திறந்தார். பேத்தி, "அப்பா, மலையில் இருக்கிறார்கள்" என்றாள். அவர் மூடிக்கொண்டார்.

அந்த அம்மாவுக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் மருந்து வாங்கிக் கொடுத்த மகனுக்கும், கால் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த எனக்கும் அவர் தாகத்தை அடக்கிக்கொண்டு படுப்பது தெரியாது. நாங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருக்கவும் மாட்டார். மறுநாள் கொல்லையில் விளக்குப் போடப்பட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் இரவுக்கு மட்டும் ஒரு கமோடு நாற்காலி வைப்பது பற்றி அவர் முதலில் ஒப்பவில்லை. இரண்டாம் ஆட்டத்தில் வேறொரு சீட்டுக்குப் பதில் சொல்லும்போது, அதை யார் சுத்தம் செய்வது என்பதுதான் தன் தயக்கம் என்றார்.

இந்த இடத்தில் மருமகளைப் பற்றிப் பேசியாக வேண்டும். முதியோர் நலன் பற்றி நடக்கும் கூட்டங்களில் மகன்களின் கடமை பற்றி நிறையப் பேசுகிறார்கள். தூக்கி உட்கார வைப்பதும், துணி மாற்றுவதும், இரவில் இரண்டு முறை எழுவதும் பெரும்பாலான வீடுகளில் மருமகளோ மகளோதான். அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அதனால் சீட்டுக்கட்டில் பாதி, பார்த்துக்கொள்பவருக்கான கேள்விகளாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்வேன். "வாரத்தில் எந்த நேரம் உங்களுக்கு மட்டுமே வேண்டும்?" "இந்த வேலைகளில் எதை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் நிம்மதியாக இருக்கும்?" மேலே சொன்ன வீட்டின் மருமகள் மலையில் ஏறியபோது, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மட்டும் தூங்க விட்டால் போதும் என்றார். "அத்தை என்னை எழுப்ப மாட்டார்கள், எனக்கே காது விழித்துக்கொண்டே இருக்கிறது" என்று அவர் சொன்னபோது மாமியார் தாயக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உருட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

கேள்விகள் வீட்டைச் சுற்றியே அமைய வேண்டும். காலையில் முதல் காப்பியை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டுமா? வீட்டில் எந்த இடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டீர்கள், மொட்டை மாடியா, கிணற்றடியா? மாற்றுச் சாவி யாரிடம் இருக்கலாம்? குளிப்பாட்ட ஆள் தேவைப்பட்டால் யார் செய்யலாம், யார் செய்யக் கூடாது? என்ன நேர்ந்தால் இந்த வீட்டை விட்டுப் பிள்ளையோடு போகச் சம்மதிப்பீர்கள்? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலான பிள்ளைகள் தலைகீழாகக் கேட்கிறார்கள். எப்போது வருகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். வருவதற்கான நிபந்தனையைச் சொல்லும் உரிமை பெரியவருக்கு வேண்டும்.

பெட்டியில் இருக்கக் கூடாதது எது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சொத்து பற்றி ஒரு சீட்டும் வேண்டாம். செட்டில்மென்ட் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெற்றோரைக் கைவிட்ட கதைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்தை, பராமரிக்கத் தவறினால் ரத்து செய்யக் கோரலாம் என்று 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் செய்தியையும், முதியோர் உதவி எண் 14567-ஐயும் பெட்டியின் மூடியில் அச்சிடுங்கள். ஆட்டத்துக்குள் சொத்து நுழைந்தால் பெரியவர்கள் சந்தேகப்பட்டு ஒதுங்குவார்கள், அவர்கள் ஒதுங்குவதில் நியாயமும் இருக்கும். அதேபோல ஆடும் இடத்தில் யாரும் எதையும் எழுதிக்கொள்ளக் கூடாது, கைபேசியில் பதிவு செய்யக் கூடாது. வெளியூர்ப் பிள்ளை காணொளி அழைப்பில் சேர்ந்துகொள்ளலாம், பேரன் அவருக்காகக் கட்டையை உருட்டலாம். பதிவு மட்டும் வேண்டாம்.

இறுதிக் காலச் சிகிச்சை பற்றிய சீட்டுகளைத் தனி உறையில் ஒட்டி வையுங்கள். அந்த உறையைப் பிரிக்கும் உரிமை வீட்டில் மூத்தவருக்கு மட்டும். செயற்கை உயிர்காப்புக் கருவிகள் வேண்டுமா வேண்டாமா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது, 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. இது பலருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முதல் நாளே அதை நடுக்கூடத்தில் வைத்தால் ஆட்டம் அங்கேயே கலைந்துவிடும்.

அமெரிக்காவில் இந்த வழியில் சில முயற்சிகள் முன்பே வந்துள்ளன. கலிபோர்னியாவில் ஓர் அமைப்பு உருவாக்கிய 'கோ விஷ்' என்ற கட்டில் 36 சீட்டுகள். வலியில்லாமல் இருப்பது, சுத்தமாக வைக்கப்படுவது, குடும்பத்துக்குப் பாரமாக இல்லாமல் இருப்பது போன்ற விருப்பங்களை எழுதி, மிக முக்கியம், ஓரளவு முக்கியம், முக்கியமில்லை என்று மூன்று அடுக்காகப் பிரிக்கச் சொல்கிறார்கள். 'ஹலோ' என்ற இன்னொரு விளையாட்டைக் கறுப்பின மக்களின் தேவாலயங்களிலும் சமூகக் கூடங்களிலும் ஆட வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். நல்ல முயற்சிகள். ஆனால் அவை ஒரு தனி மனிதரின் இறுதி நாட்களை நோக்கியவை. நமக்கு அதற்கு முந்தைய பதினைந்து இருபது ஆண்டுகள் வேண்டும், ஒருவர் மட்டுமல்லாமல் குடும்பமே சுற்றி உட்கார வேண்டும். அவற்றை மொழிபெயர்த்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுகாதாரத் துறைக்கு எழுதாமல் தங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தோன்றலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் 2021 முதல் வீடு வீடாகச் செல்கிறார்கள், இயன்முறைச் சிகிச்சையும் தருகிறார்கள். அவர்கள் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் அவர்கள் வருவது நோயோடு சேர்ந்த வருகை. நூலகத்திலிருந்து வரும் பொருளுக்கு அந்த அச்சம் இல்லை. காலையில் செய்தித்தாள் படிக்க நூலகத்துக்கு வருகிறவர்களில் ஓய்வுபெற்றவர்களே அதிகம் என்பது நூலகர்களுக்குத் தெரியும். அவர்கள் கையிலேயே பெட்டியைக் கொடுத்து அனுப்பலாம். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க 'நூலக நண்பர்கள்' தன்னார்வலர்கள் தங்களிடம் இருக்கிறார்கள். நூலகத்துக்கு வரும் வழக்கமில்லாத பாட்டிமார்களிடம் அவர்கள் வழியாகப் பெட்டி போய்ச் சேரும். 1931-இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் நூலகத்தை ஊர் ஊராக ஓட்டிய மண் இது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டே முதுமை அடைந்தவர்கள் நம் பெரியவர்கள், அவர்கள் வீட்டு வாசலுக்கு நூலகம் போவதில் சலுகை எதுவும் இல்லை.

நடைமுறையில் வேண்டுவது கொஞ்சம்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் புத்தகத்தைப் போலவே இருப்புப் பதிவேட்டில் எண் கொடுத்து, உறுப்பினர் அட்டையில் இரண்டு வாரத்துக்கு இரவல் தாருங்கள். காய் ஒன்று தொலைந்தால் அபராதம் வேண்டாம், புளியங்கொட்டை வைத்து ஆடிக்கொள்வார்கள். சீட்டின் எழுத்து, கண்புரை உள்ளவரும் படிக்கும் அளவில் இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவருக்குப் பேரப்பிள்ளை படித்துச் சொல்லட்டும். கேள்விகளை வட்டார வழக்கில் திருத்திக்கொள்ள ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இடம் கொடுங்கள், நீலகிரியின் வீடும் நாகப்பட்டினத்தின் வீடும் ஒன்றல்ல. செலவுக்கு நூலகப் புரவலர்களை அணுகலாம். தன் தாய் தந்தை பெயரில் ஒரு பெட்டி வாங்கித் தரச் சொன்னால் மறுக்கிறவர் குறைவாகவே இருப்பார்.

எல்லா மாவட்டங்களிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று கேட்கவில்லை. தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் சில கிளை நூலகங்களையும் ஊர்ப்புற நூலகங்களையும் தேர்ந்தெடுத்து, அக்டோபர் 1, உலக முதியோர் நாளன்று கொடுக்கத் தொடங்கலாம். அதற்கு முன்பு அந்த நூலகர்கள் தங்கள் வீட்டில் ஒரு முறை ஆடிப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. எந்தக் கேள்வியில் அவர்களுடைய அம்மா பேச்சை மாற்றினார், எந்தக் கேள்வியில் அப்பா எழுந்து போய்விட்டார் என்று தெரிந்தால் அந்தச் சீட்டுகளைத் திருத்தலாம். முதல் கட்டுக்கான கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். தாங்கள் சொல்லும் நாளில், சொல்லும் நூலகத்துக்கு என் செலவில் வந்து நூலகர்களோடு உட்கார்ந்து ஆடிக் காட்டுகிறேன். தங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

மிக்க மரியாதையுடன்,
கும்பகோணம் வட்டத்திலிருந்து ஓர் இயன்முறை மருத்துவர்